உழவர்களின் சொந்தக் காப்பிக் கடைகள்: கொலம்பியா நாட்டின் அனுபவம்

ஏற்காடு, கீழ்ப்பழனி மலை, நீலகிரி, ஆனைமலைப் பகுதிகளில் காப்பி பயிரிடும் உழவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "நாம் விற்கும் கொட்டைக்குக் கிடைப்பது ஒரு விலை, நகரத்துக் கடையில் ஒரு கோப்பைக் காப்பிக்கு வாங்குவது வேறொரு விலை. இடையிலுள்ள பணம் எங்கே போகிறது? அந்தக் கடையை நாமே வைத்தால் என்ன?" என்பதே அக்கேள்வி. காப்பி உழவர்கள் மட்டுமல்லர். பால், வெல்லம், சிறுதானியம், மாம்பழம் ஆகியவற்றை விளைவித்து விற்போரும் இதே கேள்வியைக் கேட்கின்றனர்.

இதற்கு விடை காண, செய்து பார்த்தவர்களின் அனுபவத்தை அறிவது நல்லது. தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் காப்பி உழவர்கள் 2002-ம் ஆண்டில் தங்களுக்கென ஒரு காப்பிக் கடையைத் திறந்தனர். அது பின்னர் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான கடைகளாகப் பெருகியது. இடையில் நட்டமும் வந்தது. திறந்த கடைகளை மூடவும் நேர்ந்தது. அக்கடைகள் எவ்வாறு வளர்ந்தன, எங்கே சறுக்கின, தோட்டத்தில் பாடுபடுபவருக்கு அதனால் கிடைத்தது என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு கோப்பையின் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ சுத்தம் செய்த காப்பிக் கொட்டையை எடுக்க ஏறத்தாழ 5 முதல் 6 கிலோ பழம் தேவைப்படும். அக்கொட்டையை வறுக்கும்போது எடை குறைந்து 800 முதல் 850 கிராம் வரை நிற்கும். கோப்பைக்கு 10 கிராம் தூள் என்று வைத்துக் கொண்டால், ஒரு கிலோ கொட்டையிலிருந்து சுமார் 80 கோப்பை காப்பி கிடைக்கும்.

2001-ம் ஆண்டில் உலகச் சந்தையில் காப்பிக் கொட்டையின் சராசரி விலை ஒரு பவுண்டுக்கு சுமார் 45 அமெரிக்க சென்ட் அளவுக்கு இறங்கிவிட்டது. அதாவது ஒரு கிலோ சுமார் ஒரு டாலர். இதன்படி ஒரு கோப்பையில் அடங்கிய கொட்டையின் விலை ஒன்றேகால் சென்ட் மட்டுமே. அதே ஆண்டில் அமெரிக்க நகரங்களின் காப்பிக் கடைகளில் ஒரு கோப்பை ஒரு டாலருக்கும் மேல் விற்றது. ஒரு டாலர் என்பது 100 சென்ட்.

கொட்டையின் விலை வீழ்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. நாடுகளின் ஏற்றுமதி அளவை வரையறுத்து வந்த பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை 1989-ம் ஆண்டு ஜூலை மாதம் கைவிடப்பட்டது. வியட்நாம் நாடு புதிதாகப் பெருமளவில் காப்பி பயிரிட்டது. பிரேசில் நாட்டிலும் விளைச்சல் பெருகியது. சரக்கு மிகுந்தது, விலை சரிந்தது. ஆயினும் கோப்பையின் விலை குறையவில்லை. இந்த நிலையே கொலம்பிய உழவர்களைச் சிந்திக்க வைத்தது.

உழவர் கூட்டமைப்பு

கடை திறந்தது ஒரு தனி மனிதரோ, ஒரு பெரும் எஸ்டேட் முதலாளியோ அன்று. கொலம்பியாவில் காப்பி பயிரிடும் குடும்பங்கள் ஐந்து இலட்சத்திற்கும் மேல் உள்ளன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் 5 எக்டருக்குக் குறைந்த நிலமுடைய சிறு உழவர்கள். இவர்களின் தேசியக் காப்பி உழவர் கூட்டமைப்பு 1927-ம் ஆண்டில் தோன்றியது.

இக்கூட்டமைப்பு வெறும் சங்கமாக நின்றுவிடவில்லை. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பவுண்டு காப்பிக்கும் ஒரு சிறு தொகை பிடிக்கப்பட்டு, 1940-ம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட தேசியக் காப்பி நிதியில் சேர்க்கப்படுகிறது. இந்த நிதியைக் கொண்டு கூட்டமைப்பு நான்கு முக்கியப் பணிகளைச் செய்து வருகிறது.

1. ஆராய்ச்சி: 1938-ம் ஆண்டில் நிறுவப்பட்ட செனிகபே ஆராய்ச்சி நிலையம் இலைத்துரு நோயைத் தாங்கும் 'கொலம்பியா', 'கஸ்தியோ' ஆகிய இரகங்களை வெளியிட்டது.

2. விரிவாக்கம்: பயிற்சி பெற்ற அலுவலர்கள் தோட்டங்களுக்கே சென்று ஆலோசனை கூறுகின்றனர்.

3. கொள்முதல் உறுதி: தரமுள்ள காப்பியை எந்த உழவர் கொண்டு வந்தாலும், அன்றைய சந்தையை ஒட்டி அறிவிக்கப்பட்ட விலையில், ரொக்கம் கொடுத்து வாங்கப்படுகிறது.

4. விளம்பரம்: கொலம்பியக் காப்பியின் பெயரை உலக மக்கள் அறியச் செய்வது.

இந்த நான்காவது பணியே பின்னாளில் கடைக்கு வித்திட்டது. 1959-ம் ஆண்டில் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றின் உதவியோடு 'ஹுவான் வால்டெஸ்' என்ற பாத்திரம் உருவாக்கப்பட்டது. தலையில் தொப்பி, தோளில் துண்டு, பக்கத்தில் காப்பி மூட்டை சுமக்கும் கோவேறு கழுதை. இதுதான் ஹுவான் வால்டெஸ் என்னும் கற்பனை உழவரின் தோற்றம். கையால் பழம் பறித்து, பக்குவமாகப் பதப்படுத்தும் சிறு உழவரின் முகமாக அவர் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் தோன்றினார். 1981-ம் ஆண்டில் அவர் உருவம் கொண்ட முக்கோணச் சின்னம் வந்தது. முற்றிலும் கொலம்பியக் காப்பியை மட்டுமே பயன்படுத்தும் வறுப்பாளர்கள் அதனைத் தம் பொட்டலங்களில் அச்சிட அனுமதிக்கப்பட்டனர்.

ஆகவே கடை திறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பெயர் விதைக்கப்பட்டுவிட்டது. நாற்றங்கால் போட்ட பிறகே நடவு நடந்தது எனலாம்.

கடைகள் வளர்ந்த முறை

முதற் படி - சொந்த நாட்டில்: கடைகளை நடத்துவதற்கெனக் கூட்டமைப்பு 2002-ம் ஆண்டில் 'புரோகபேகோல்' என்ற தனி நிறுவனத்தை அமைத்தது. பெரும்பான்மைப் பங்கு கூட்டமைப்பிடம் இருந்தது. பின்னர் ஆயிரக்கணக்கான காப்பி உழவர்களும் தம் பெயரில் பங்கு வாங்கினர். முதற்கடை 2002-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தலைநகரான பொகோட்டாவின் விமான நிலையத்தில் திறக்கப்பட்டது.

விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமான முடிவு. வந்து போகும் வெளிநாட்டார் அங்கே கொலம்பியக் காப்பியைக் குடித்துப் பார்த்து, ஒரு பொட்டலமும் வாங்கிச் செல்ல முடியும். அடுத்து நாட்டின் பெரிய நகரங்களில் கடைகள் திறக்கப்பட்டன. அதுவரை கொலம்பியாவில் உயர்தரக் கொட்டை எல்லாம் ஏற்றுமதியாகிவிடும். கருங்கொட்டையும் உடைந்த கொட்டையும் கலந்த மட்டமான காப்பியே உள்நாட்டில் குடிக்கப்பட்டு வந்தது. தம் நாட்டின் நல்ல காப்பியை அந்நாட்டு மக்களே சுவைக்கத் தொடங்கியது இக்கடைகளால் விளைந்த முக்கியமான மாற்றம்.

இரண்டாம் படி - வெளிநாட்டில் சொந்தக் கடை: உள்நாட்டில் கிடைத்த வரவேற்பைக் கண்டு, அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் வாஷிங்டன், நியூயார்க், சியாட்டில் நகரங்களிலும், ஸ்பெயின் நாட்டிலும் கடைகள் திறக்கப்பட்டன. இங்கேதான் சறுக்கல் ஏற்பட்டது. அந்நகரங்களில் கடை வாடகையும் கூலியும் மிக அதிகம். சியாட்டில் நகரமோ ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 1971-ம் ஆண்டில் பிறந்த ஊர். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கடையே இருந்ததால் மேற்பார்வைச் செலவும் சரக்கனுப்பும் செலவும் ஒவ்வொரு கடையின் மீதும் அதிகமாக விழுந்தது. விற்பனை இருந்தும் செலவை ஈடுகட்ட முடியவில்லை. நிறுவனம் நட்டத்தில் ஆழ்ந்தது.

மூன்றாம் படி - பின்வாங்கிச் சீரமைத்தல்: நட்டம் தந்த வெளிநாட்டுக் கடைகளில் பல மூடப்பட்டன. கௌரவம் கருதி அவற்றைத் தொடர்ந்து நடத்தவில்லை. 2010-ம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நிறுவனம் தன் கவனத்தை மீண்டும் உள்நாட்டின் மீது திருப்பியது. இலாபம் தரும் கடைகளைப் பெருக்கியது. விளைச்சல் தராத நிலத்தில் மேலும் மேலும் உரமிடுவதை நிறுத்தி, நல்ல நிலத்தைக் கவனிப்பது போன்றது இது.

நான்காம் படி - உரிம முறை: வெளிநாடுகளில் தாமே முதல் போட்டுக் கடை வைப்பதற்கு மாறாக, அந்தந்த நாட்டு வணிகர்களோடு சேரும் முறை கைக்கொள்ளப்பட்டது. கடைக்கு வேண்டிய முதல், இடம், ஆட்கள் ஆகியவை பெரும்பாலும் உள்ளூர் வணிகருடைய பொறுப்பு. பெயரும், காப்பியும், பயிற்சியும் கொலம்பிய நிறுவனத்துடையவை. பெயரைப் பயன்படுத்துவதற்கு அவ்வணிகர் உரிமத் தொகை செலுத்துகிறார். கொட்டையை நிறுவனத்திடமே வாங்குகிறார். இத்தகைய கூட்டு முறைகளில் சிலி, ஈக்வடார், பனாமா, குவைத் முதலிய நாடுகளில் கடைகள் பெருகின. இதில் இலாபத்தின் ஒரு பகுதி உள்ளூர் வணிகருக்குப் போகும். ஆனால் நட்டம் வந்தாலும் அதன் பெரும்பகுதி உழவர் நிறுவனத்தின் தலையில் விழாது.

ஐந்தாம் படி - பொட்டலக் காப்பி: கடையில் கோப்பையாக விற்பதோடு, அதே பெயரில் தூளும் கொட்டையும் பொட்டலமிட்டுப் பெரிய அங்காடிகளில் விற்கப்படுகின்றன. உடனடிக் காப்பித் தூளும் இதில் அடங்கும். அதனைத் தயாரிக்கும் ஆலையும் கூட்டமைப்புக்கே சொந்தம். கடையில் குடித்துச் சுவை கண்டவர் வீட்டுக்கும் வாங்குகிறார். பொட்டலத்தை விற்பதற்குக் கடை வாடகை இல்லை. மேசை நாற்காலி இல்லை. கடை இங்கே விளம்பரப் பலகையாகவும் பயன்படுகிறது.

உழவருக்குக் கிடைத்தது என்ன?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். கடைகளால் மலைச்சரிவில் பழம் பறிக்கும் உழவருக்கு என்ன பயன்?

முதலாவதாக, 'ஹுவான் வால்டெஸ்' என்ற பெயர் கடை நிறுவனத்தின் சொத்து அன்று. அது உழவர்களின் நிதியைச் சேர்ந்தது. ஆகவே நிறுவனம் தன் விற்பனையிலிருந்து பெயருக்கான உரிமத் தொகையைத் தேசியக் காப்பி நிதிக்குச் செலுத்துகிறது. அந்த நிதியே ஆராய்ச்சிக்கும், விரிவாக்கத்திற்கும், கொள்முதல் உறுதிக்கும் பயன்படுகிறது.

இரண்டாவதாக, குறிப்பிட்ட மலைப்பகுதிகளில் விளையும் சிறப்புத் தரக் காப்பிக்குக் கூடுதல் விலை தரப்படுகிறது. தரத்திற்குப் பலன் உண்டு என்பது கண்கூடாகும்போது, உழவர் பழுத்த பழத்தை மட்டும் பறிப்பதில் அக்கறை கொள்கிறார்.

மூன்றாவதாக, வணிகர்களிடம் பேரம் பேசும்போது உழவர் அமைப்பின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு கூடுகிறது. கோப்பை என்ன விலைக்கு விற்கிறது, அதில் செலவு எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்பது இப்போது அவர்களுக்கே தெரியும்.

ஆனால் கடையால் ஆகாத காரியங்களும் உண்டு. இதனை மறைத்தல் கூடாது. கொலம்பியா ஆண்டொன்றுக்கு நல்ல பருவத்தில் 60 கிலோ எடையுள்ள மூட்டைகளாக ஒரு கோடிக்கும் மேல் காப்பி விளைவிக்கிறது. சொந்தக் கடைகளில் செலவாவது அதில் ஒரு சிறு பகுதியே. மற்றதெல்லாம் உலகச் சந்தை விலைக்கே விற்க வேண்டும். 2008-ம் ஆண்டுக்குப் பின் தொடர்மழையாலும் இலைத்துரு நோயாலும் அங்கே மகசூல் பெரிதும் குறைந்தது. அதனை மீட்டது கடை அன்று. பழைய செடிகளை நீக்கி, நோய் தாங்கும் இரகங்களை நட்டதேயாகும். 2013-ம் ஆண்டின் தொடக்கத்தில் விலை வீழ்ச்சி தாங்காமல் காப்பி உழவர்கள் சாலைகளை மறித்துப் போராடினர். அரசு மானியம் அறிவித்த பின்னரே போராட்டம் ஓய்ந்தது. அப்போது அவர்களின் கடைகள் திறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

எனவே கடை என்பது உழவருக்கு ஒரு துணை. தோட்டத்திற்கும், நியாய விலைக்கும் அது மாற்று ஆகாது.

நம் நாட்டில் நடந்தது

உழவர் பணத்தில் காப்பிக் கடை என்பது நமக்கும் புதிதன்று. 1930-களில் ஏற்றுமதி விலை வீழ்ந்தபோது, காப்பி மீது விதிக்கப்பட்ட தீர்வையைக் கொண்டு இயங்கிய காப்பித் தீர்வைக் குழு, உள்நாட்டில் காப்பி குடிக்கும் பழக்கத்தை வளர்ப்பதற்காக 1936-ம் ஆண்டில் பம்பாயில் காப்பி நிலையம் ஒன்றைத் திறந்தது. பின்னர் காப்பி வாரியத்தின் கீழ் இந்நிலையங்கள் பல நகரங்களில் பரவின. 1950-களில் வாரியம் அவற்றை மூட முற்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலன் முதலியோரின் ஊக்கத்தால் 1957-ம் ஆண்டு முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே நடத்தலாயினர். 'இந்தியன் காபி ஹவுஸ்' என்று நாம் அறிந்தவை அவையே. பெரும் முதலீட்டாளர் எவரும் இன்றி, தொழிலாளர் சங்கங்களாலேயே அவை தலைமுறைகளைக் கடந்து நிலைத்தன.

கடை வைக்குமுன் போட வேண்டிய கணக்கு

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் சொந்தக் கடை வைக்க எண்ணும்போது, கீழ்க்காணும் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். எண்கள் எடுத்துக்காட்டுக்காகத் தரப்பட்டவை. உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக் கொள்ளவும்.

நாளொன்றுக்கு,
கடை வாடகை - ரூ. 600
இரண்டு ஆட்களுக்குக் கூலி - ரூ. 1,200
மின்சாரம், எரிவாயு, தண்ணீர் - ரூ. 200
மொத்தம் - ரூ. 2,000

ஒரு கோப்பையின் விற்பனை விலை - ரூ. 20
அதற்கான பால், சர்க்கரை, தூள் செலவு - ரூ. 10
மீதம் - ரூ. 10

ஆகவே நாளொன்றுக்கு 200 கோப்பை விற்றால்தான் செலவு ஈடாகும். இருநூற்றோராவது கோப்பையிலிருந்துதான் இலாபம் தொடங்கும். மழை நாளிலும், கடையடைப்பு நாளிலும் வாடகை நிற்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 120 கோப்பை மட்டுமே விற்கும் கடையில் நாளொன்றுக்கு 800 ரூபாய் நட்டம். இத்தகைய கடைகள் ஐந்து திறந்தால் நட்டமும் ஐந்து மடங்காகும். கடைகளின் எண்ணிக்கை கூடுவது வேறு. தொழில் வளர்வது வேறு.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. தரம் முதலில்: பழுத்த பழத்தை மட்டும் பறித்தல், பறித்த அன்றே தோல் நீக்குதல், ஈரப்பதம் 10 முதல் 12 விழுக்காட்டிற்குள் வரும்வரை சுத்தமான களத்தில் உலர்த்துதல் ஆகியவை சரியாக இல்லாவிட்டால் எந்தக் கடையும் நிலைக்காது.

2. பொட்டலத்தில் தொடங்குக: தூளை வறுத்து அரைத்துப் பொட்டலமாக விற்பதற்குக் குறைந்த முதலே போதும். பெயர் பரவிய பின் கடையைப் பற்றி எண்ணலாம்.

3. முதற்கடை ஓராண்டு முழுவதும் இலாபம் காட்டிய பிறகே இரண்டாவது கடை: வளர்ச்சிக்கு வேண்டிய முதலில் பெரும்பகுதி முந்தைய கடையின் இலாபத்திலிருந்து வருதல் நன்று.

4. தனிக் கணக்கு: கொள்முதல் கணக்கையும் கடைக் கணக்கையும் கலக்கக் கூடாது. கலந்தால் கடையின் நட்டத்தை உழவரின் கொட்டை விலையில் மறைத்துவிட இடம் உண்டாகும்.

5. பெயர் உழவர் அமைப்பின் சொத்தாகவே இருக்கட்டும்: வணிகச் சின்னத்தை அமைப்பின் பெயரில் பதிவு செய்க. வெளியாருக்குப் பயன்படுத்தும் உரிமை தரலாம். உடைமையைத் தரக் கூடாது.

6. தொலைவிடத்தில் பிறர் முதல்: பழக்கமில்லாத ஊரில் கடை வைப்பதாயின், அவ்வூர் வணிகருடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து கொள்க. நம் சரக்கையே வாங்க வேண்டும், நம் ஆள் சோதனையிடலாம் என்ற விதிகள் அதில் இடம்பெற வேண்டும்.

7. மூடத் தயங்கற்க: குறிப்பிட்ட காலத்திற்குள் செலவை ஈடுகட்டாத கடையை மூடுவது என்று தொடக்கத்திலேயே தீர்மானம் எழுதி வைத்துக் கொள்க.

8. நிலத்தை அடகு வைக்க வேண்டாம்: கடைக்குப் போடும் பங்குத் தொகை, போனாலும் பயிர்ச் செலவைப் பாதிக்காத அளவில் இருக்க வேண்டும்.

முடிவாக

கோப்பைக்கும் கொட்டைக்கும் இடையிலுள்ள பணம் முழுவதும் யாரோ சுருட்டிக் கொள்ளும் பணம் அன்று. அதில் வாடகை, கூலி, பால், போக்குவரத்து, கழிவு ஆகிய அனைத்தும் அடங்கும். கடை வைப்பவர் அந்தச் செலவுகளையும் சேர்த்தே ஏற்கிறார். ஆனால் அதில் உழவர் பெறக்கூடிய பங்கு ஒன்று உண்டு என்பதும் உண்மை. ஒற்றுமையான அமைப்பு, நல்ல தரம், சொந்தப் பெயர், நிதானமான வளர்ச்சி ஆகிய நான்கும் சேர்ந்தால் அப்பங்கைப் பெறலாம் என்பதைக் கொலம்பிய உழவர்கள் காட்டியுள்ளனர். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர்களே காட்டியுள்ளனர்.

உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் "கடை வைக்கலாம்" என்ற பேச்சு எழுந்தால், முதலில் ஒரு தாளை எடுத்து, நாளொன்றுக்கு எத்தனை கோப்பை விற்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். அந்த எண்ணிக்கைக்கு ஆள் வரும் இடம் எது என்று நேரில் நின்று எண்ணிப் பாருங்கள். கணக்கு ஒத்து வந்தால் துணிந்து தொடங்குங்கள். ஒத்து வராவிட்டால், அந்தப் பணத்தை உலர்களத்திற்கும் பதப்படுத்தும் கருவிக்கும் செலவிடுங்கள். அது அடுத்த அறுவடையிலேயே பலன் தரும்.